ஆறு மணிக்கு அசைந்த குடல்

எங்கள் வீட்டில் "சாப்டியா" என்று கேட்பதைவிட "போச்சா" என்று கேட்பதுதான் அதிகம். என் கணவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து வண்டியை வாசலில் நிறுத்தும்போதே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்பார். நான் அடுப்படியிலிருந்து "இல்ல" என்பேன். அன்றைய பொழுது எப்படிப் போகும் என்பது அந்த ஒரு சொல்லிலேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். மாதத்தில் நாலைந்து நாள் "போச்சு" என்று கத்துவேன். அன்றைக்கு வீட்டில் கேசரி.

எங்கள் மகள் 2004இல் கடலூரில் பிறந்தாள். பிறந்த குழந்தை முதல் நாளே கறுப்பாக மலம் கழிக்க வேண்டும். இவள் இரண்டு நாளாகியும் கழிக்கவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தாள். புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர், நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டவர், ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். குடலின் கடைசிப் பகுதியில் இருக்கவேண்டிய நரம்புச் செல்கள் இவளுக்கு இல்லை. "விசில் குடுக்க கண்டக்டர் இல்லாத பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. வண்டியில கோளாறு இல்ல. ஆனா நவுராது" என்றார்.

முதலில் வயிற்றில் துளை போட்டுப் பை கட்டினார்கள். பத்தாவது மாதத்தில் செல் இல்லாத பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியைக் கீழே இழுத்து இணைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதோடு சரியாகிவிடும். எங்கள் பிள்ளைக்கு ஆகவில்லை. மூன்று நாள் போகாது, நாலாம் நாள் வகுப்பிலேயே கசிந்துவிடும். பள்ளிக்கூடப் பையில் எப்போதும் ஒரு மாற்றுச் சீருடை இருக்கும். இரண்டாம் வகுப்பில் அவளைக் கதவோரம் தனியாக உட்கார வைத்தார்கள், வெளியே ஓட வசதி என்று சொல்லி. அவள் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

தினமும் மாலை ஏழு மணிக்கு வாஷ்அவுட். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, கழுவி வெளியே எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். ஏழு மணி என்றால் ஏழு மணிதான். எட்டுக்குத் தள்ளினால் இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். இந்த ஏழு மணியை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த தப்பு முழுவதும் அதற்குள்தான் இருந்தது.

எனக்கு இயல்பிலேயே உட்காரத் தெரியாது. மாதா கோயிலில் பூசை நேரத்தில்கூடக் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன் என்று அம்மா அடிப்பாள். விலங்கியல் படித்துவிட்டு, பிள்ளையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வீட்டில் ஆறு வருடம் இருந்தேன். 2010இல் சிதம்பரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் குடல் அசைவு பற்றிய வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் போல ஓடினேன். ஆய்வை நடத்தியவரை சார் என்றே சொல்கிறேன். "எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்டார். மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இதுல ஒங்க பொண்ணுக்கு மருந்து கெடைக்கும்னு நெனச்சு வராதீங்க" என்றார். "இல்ல சார்" என்றேன். பொய்தான்.

எங்கள் வேலை மீன் குஞ்சுகளோடு. வரிக்குதிரை மீன் என்று கண்ணாடித் தொட்டிக் கடைகளில் விற்பார்களே, விரல் கணு அளவில், அதன் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். தோலுக்குள் குடல் நெளிவதை நுண்ணோக்கியில் நேராகப் பார்க்கலாம். சார் பெங்களூரிலிருந்து ஒரு தனி வகையின் முட்டைகளை ஃபிளாஸ்க்கில் போட்டு ரயிலில் கொண்டுவந்தார். அந்த வகையில் இரண்டு விசேஷம். ஒன்று, பிறவியிலேயே அவற்றின் குடலில் நரம்புச் செல்கள் குறைவு. இன்னொன்று, இருக்கிற செல்களில் ஒரு பாசியிலிருந்து எடுத்த மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். நீல வெளிச்சம் பட்டால் அந்தச் செல் விழித்துக்கொண்டு குடலுக்கு உத்தரவு கொடுக்கும். வெளிச்சத்தை நிறுத்தினால் உத்தரவும் நிற்கும். மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு சுவிட்ச் போதும்.

முதல் தடவை அந்த நீல விளக்கைப் போட்டு, சும்மா கிடந்த குடல் சுருங்கி உள்ளே இருந்ததைத் தள்ளியதைப் பார்த்தபோது நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக நடக்காத ஒன்று, அரிசி நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுக்குள் நான் சுவிட்ச் போட்டதும் நடந்தது.

அது இருட்டறை. ஒரு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும், ஏனென்றால் சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களைத் தொடாது. கேமராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தோம். குடல் தெரியும், நீல வெளிச்சம் கேமராவின் கண்ணுக்கே தெரியாது. கதவில் நான் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன்: "ட்யூப்லைட் போடக் கூடாது." பகலில் நீல விளக்கைப் போட்டுப் போட்டுச் சோதிப்பேன். பிறகு அதை அணைத்துவிட்டு, வெளிச்சமே இல்லாமல் குடல் தானாக என்ன செய்கிறது என்று கேமராவை இரவு எட்டு வரை ஓடவிட்டு, ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவேன். வெள்ளாற்றுப் பாலம், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், முதுநகர். ஏழு மணிக்கு உப்புத் தண்ணீர். பதிவானதை மறுநாள் காலையில் பார்ப்பேன். அறையைக் கூட்டிப் பூட்டுவது கீரப்பாளையத்திலிருந்து வரும் ஒரு அக்கா. அட்டெண்டர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அலைந்தால் பிடித்து உட்கார வைப்பவர் அவர் ஒருவர்தான்.

2011 ஜூலையில் டாக்டரம்மா மகளுக்கு மறுபடி சதை எடுத்துச் சோதித்தார். "நல்ல பகுதின்னு நெனச்சு இணைச்ச எடத்துலயே செல்லு கம்மியாத்தான் இருக்கு. இல்லாம இல்ல, கம்மி. அதையும் எடுத்துட்டு மறுபடி இணைக்கணும். காலாண்டு லீவுல வெச்சுக்கலாம்" என்றார். மறுபடி வெட்டுவதா? இன்னும் எவ்வளவு குடல்தான் இருக்கிறது என் பிள்ளையிடம்? ஆனால் அந்த ஒரு சொல் என் காதில் ஒட்டிக்கொண்டது. இல்லாமல் இல்லை, கம்மி. என் மீன் குஞ்சுகளும் அதே கேஸ்தானே.

அடுத்த மாதமே ஒரு அசைவைப் பார்த்தேன். பொரித்து ஐந்து நாளான குஞ்சு. மாலை ஐந்து மணிக்கு மேல் பதிவில் குடல் சும்மா கிடக்கிறது. ஆறு மணி தாண்டியதும் திடீரென்று அழகாகச் சுருங்குகிறது, மேலிருந்து கீழே, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு நிமிடம். பிறகு பழைய மௌனம். ஆறாம் நாள் பார்த்தேன், அதே நேரம், இன்னும் பலமாக. ஏழாம் நாள் அதைவிடப் பலமாக. வெளிச்சம் இல்லை, மருந்து இல்லை. குறைவான செல்களே வளர வளரத் தானாக விழித்துக்கொள்கின்றன!

சாரிடம் ஓடினேன். அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். "காலையில இல்ல, மத்தியானம் இல்ல. சாயங்காலம் மட்டும் ஏன்?" என்று கேட்டார். உடம்புக்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறதே என்று வாதாடினேன். "இருக்கலாம். இன்னும் மூணு தடவ செய்ங்க. ஒரு நாளாவது ஆறு மணிக்கு நீங்க கூட இருந்து பாருங்க" என்றார். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் ஆறு மணிக்கு அசைந்தது. கூட இருந்து மட்டும் பார்க்கவில்லை. ஏழு மணிக்கு யார் வாஷ்அவுட் கொடுப்பது? அவர் கேட்டபோதெல்லாம் இதையே சொன்னேன். உண்மையில் கணவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கலாம். எனக்குப் பார்க்க வேண்டியது கிடைத்துவிட்டது, அதற்கு மேல் பார்க்க நான் விரும்பவில்லை.

கணவரிடம் சொன்னேன். "காலாண்டு லீவுல வேணாங்க. வளர வளர தானா சரியாவும். நானே என் கண்ணால பாக்கறேன்."

"டாக்டர் சொல்றதவிட மீனு சொல்றதா ஒனக்குப் பெருசு?" என்றார் அவர்.

"மீனு பொய் சொல்லாது."

அவர் சிப்காட்டில் கெமிக்கல் வாசனைக்கு நடுவில் வேலை செய்கிறவர். அளவு மானியைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். என்னிடம் அளவு இருந்தது, படம் இருந்தது, நேரம் இருந்தது. காலாண்டு லீவு அரையாண்டு லீவாகத் தள்ளிப்போனது. அரையாண்டு, முழுப் பரீட்சைக்குத் தள்ளிப்போனது. அதற்குள் மகளின் வயிறு மறுபடி உப்ப ஆரம்பித்திருந்தது. சீருடைப் பாவாடையின் கொக்கியை இரண்டு தடவை தள்ளித் தைத்தேன். கொக்கியைத் தள்ளித் தைக்கும்போது பிள்ளை வளர்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருந்தது.

டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. கடலூரில் கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்து கிடந்தன. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. சாலை திறந்ததும் நான் சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டேன். "ஊரே கூர இல்லாம கெடக்குது, இவளுக்கு மீனு" என்று கணவர் முணுமுணுத்தார். அங்கேயும் மின்சாரம் இல்லை. டீசல் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஜெனரேட்டரில் தொட்டி பம்பும் கேமராவும் கம்ப்யூட்டரும் சிவப்பு விளக்கும் மட்டும் ஓடின. நீல விளக்குக்கு அந்த லைன் இல்லை. பரவாயில்லை, எனக்கு வேண்டியது தானாக அசைவதுதானே என்று கேமராவை மட்டும் ஓடவிட்டேன்.

ஆறு மணிக்கு அசையவில்லை.

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குளிராக இருக்கும் என்றேன், தண்ணீர் சரியில்லை என்றேன். மின்சாரம் வந்தது. வந்த அன்றே ஆறு மணிக்குக் குடல் அசைந்தது. உடம்புக் கடிகாரம் மின்வாரியத்தைக் கேட்டா ஓடும்?

மறுநாள் காலையில் கணவரை உட்கார வைத்து வாஷ்அவுட் கற்றுக்கொடுத்தேன். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மெதுவாக, அவள் "போதும்" என்றால் எங்கே நிறுத்துவது. "இத ஆறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லித் தந்திருக்கலாம்ல" என்றார். அன்று ஐந்தேகால் பஸ்ஸை விட்டேன். கேமராவை ஓடவிட்டு, இருட்டறையின் மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது அன்றுதான்.

ஆறு அடித்துக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். நேராக நுண்ணோக்கியிடம் போனார். பக்கத்துச் சுவிட்சைத் தட்டினார். நீல வெளிச்சம் குஞ்சின் மேல் விழுந்தது. அக்கா அதன் முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார்.

நான் எழுந்த சத்தத்தில் பதறிப்போனார். "ஐயோ மேடம், நீங்க இன்னும் கெளம்பலியா?"

"என்ன பண்ற நீ?" என்றேன். அவரை நான் நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை.

"வெளக்கு வெச்சேன் மேடம்."

"எத்தினி நாளா?"

"மொதல்லேருந்துதான். உசுருங்க இருக்கற எடம். வெளக்கு வெக்கற நேரத்துல இருட்டா போட்டுட்டுப் பூட்டிட்டுப் போவ மனசு வரல. ட்யூப்லைட்டு போடக் கூடாதுன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்க. அதான் அதத் தொடறதே இல்ல. நீங்க டெய்லி போடற லைட்டத்தான் போடுவேன். ரெண்டு நிமிசம். கும்புட்டுட்டு ஆஃப் பண்ணிடுவேன்." பிறகு, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த மீனு வயிறு நல்லானா ஒங்க பாப்பா வயிறும் நல்லாவும்னு சொன்னீங்கல்ல. பாப்பாவுக்கும் சேத்துத்தான் கும்புட்டேன்."

நான் என்னென்ன கத்தினேன் என்பது முழுவதும் நினைவில் இல்லை. பக்கத்து அறையிலிருந்து சார் ஓடிவந்தார், அந்த அளவுக்குக் கத்தினேன். ஆறு மாதம் பாழ் என்றேன். என் பிள்ளையின் ஆபரேஷனை உன்னால்தான் தள்ளிப்போட்டேன் என்றேன். அக்கா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ அது அதுவா அசையலியா மேடம்?"

"அதுவா ஒன்னும் நடக்கல! நீ லைட்டு போட்ட, அது அசைஞ்சுது. அவ்ளோதான்!"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, சுவிட்சை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சார் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் கோபப்படவே இல்லை. குறைவான செல்களும் உத்தரவு வந்தால் வேலை செய்கின்றன, தாமாக உத்தரவு கொடுக்கத்தான் அவற்றால் முடியவில்லை, இதுவும் ஒரு முடிவுதானே என்று ஆறுதலாகப் பேசினார். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. அக்காவை இந்த அறைக்கு அனுப்பாதீர்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அவரை எதிர்க் கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

அன்று பஸ் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தும் உட்காரவில்லை. கோபம் ஆலப்பாக்கம் வரைதான் தாங்கியது. அதற்குப் பிறகு வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் விளக்குத்தான் வைத்தார். அதைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போட்டது யார்? ஒரு நாள் ஆறு மணிக்கு இருந்து பார் என்று சார் சொன்னபோது சாக்குச் சொன்னது யார்? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் கணவர் சட்டையெல்லாம் ஈரமாக உட்கார்ந்திருந்தார். மகள் தூங்கிவிட்டாள்.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட தேதி வாங்கிடலாங்க" என்றேன்.

"ஏன், மீனு என்னா சொல்லுச்சு?"

நான் போய் மகளின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஆபரேஷன். முடித்து வெளியே வந்த டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். நான் நின்றேன். "காலாண்டு லீவுலயே வந்திருந்தா இவ்ளோ எடுத்திருக்க வேணாம். அடைச்சு அடைச்சு மேல் பகுதியும் விரிஞ்சு போச்சு. ஒரு சாண் ஜாஸ்தியா எடுக்க வேண்டியதாப் போச்சு" என்றார். ஒரு சாண். என் கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன். அந்த அளவை இன்றுவரை என் கையோடு கொண்டு திரிகிறேன்.

பிறகு காத்திருப்பு. இரண்டாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நர்சுகள் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் "போச்சா?" என்றார்கள். எங்கள் வீட்டுக் கேள்வி புதுச்சேரி வார்டு முழுக்கப் பரவிவிட்டது. நான் வராந்தாவில் நடந்த நடையில் காவலாளி என்னைப் பார்த்துப் பயந்தார். மாலையானால் மகள் பழக்கத்தில் கேட்பாள், "ஏழு மணியாயிடுச்சாம்மா? டியூப் போடப் போறியா?" "இல்லடா, இனிமே டியூப் இல்ல" என்பேன். சொல்லிவிட்டு வெளியே ஓடிவிடுவேன்.

நாலாம் நாள் காலை பதினொன்றரை. மகள் முகத்தைச் சுளித்தாள். "அம்மா, என்னமோ பண்ணுது" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். குழாய் இல்லை, தண்ணீர் இல்லை, யாரும் எதையும் தட்டவில்லை. பிறந்து ஏழு வருடமாகியும் இவ்வளவு சுலபமாக அவளுக்குப் போனதே இல்லை. அவளே ஆச்சரியப்பட்டு எட்டிப் பார்த்தாள்.

கணவருக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை, அந்த வாரம் பகல் ஷிஃப்டில் இருந்தார். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. கை தானாக அக்காவின் நம்பரைத் தேடியது. ஒரு மாதத்துக்கு மேல் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவில்லை. எதிரே வந்தாலும் வழியை மாற்றிக்கொள்வேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் எடுத்ததுமே சொல்லிவிட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்குப் போச்சு."



"எத்தினி மணிக்கு மேடம்?"

"இப்பத்தான்க்கா. பதினொன்ற."

"பதினொன்றயா?" என்றார். யோசிப்பது தெரிந்தது. "நான் இன்னும் வெளக்கே வெக்கலியே மேடம். அப்போ அதுவாத்தான் போயிருக்கு."